பீரோ கண்ணாடியில் தாய்லாந்து

ஜூலை 6, ஞாயிறு

இவர் கம்பெனியிலிருந்து ஒரு மார்க்கர் பேனா கொண்டுவந்தார். பேப்பரில் எழுதினால் தொலைத்துவிடுவேனாம், போனில் போட்டால் திறந்தே பார்க்க மாட்டேனாம். அதனால் நான் டீச்சர் வேலைக்குத் தாய்லாந்து போக ஆகும் செலவுக் கணக்கைப் பீரோ கண்ணாடியிலேயே போட்டுவிட்டார். தலை சீவ நின்றால் நெற்றிக்கு மேலே விமான டிக்கெட், கழுத்துக்குக் கீழே ஏஜென்சி ஃபீஸ். பொட்டு வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது.

இங்கிலீஷ் சொல்லித்தருவது எப்படி என்ற ஆன்லைன் கோர்ஸ் முடித்தாயிற்று. பெங்களூரு போய் எழுதின பரீட்சையில் நல்ல மார்க். இரண்டுக்கும் கோடு அடித்துவிட்டார். மிச்சம் இருப்பது: ஏஜென்சிக்கு முப்பத்தைந்தாயிரம், இரண்டு தவணை. சர்டிபிகேட்டுகளில் அட்டெஸ்டேஷன் முத்திரை வாங்கப் பதினாறு. விசா எட்டு. டிக்கெட் பதினாலு. அங்கே ரூமுக்கு அட்வான்ஸோடு முப்பத்திரண்டு. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை சோறு, பஸ், போன் எல்லாத்துக்கும் முப்பத்தைந்து. கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பேங்கில் தொண்ணூற்றேழு இருக்கிறது.

"வண்டிய வித்துடலாம் சுச்சி" என்றார், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற மாதிரி.

இன்னும் வேலையே கிடைக்கலை. அதுக்குள்ள வண்டி விக்கறாராம்.

ஜூலை 12, சனி

கிடைச்சிடுச்சு.

தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு ஊர். பெயரை மூன்று முறை கேட்டுப் பழகிக்கொண்டேன், நாலாவது முறை மறந்துவிட்டது. ஆறாவது ஏழாவது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ். நவம்பர் மூன்றாம் தேதி, இரண்டாம் பருவம் ஆரம்பிக்கும்போது, வகுப்பில் நிற்க வேண்டும்.

பேட்டி எடுத்த அம்மா வீடியோவில் சிரித்துக்கொண்டே கேட்டது இன்னும் உறுத்துகிறது. ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா? இல்லை என்றேன். அப்படியானால் மாதம் இருபத்திரண்டாயிரம் பாத். தாய்மொழிக்காரர்களுக்கு முப்பத்தைந்தாயிரம். கல்லாவி கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு, கிடைச்ச பேப்பரையெல்லாம் வாசிச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டதுக்குப் பதிமூணாயிரம் கழிவு.

"கழிவு போனாலும் நம்ம காசுக்கு அம்பத்தெட்டாயிரம் வருது. நான் மூணு மாசம் ஷிப்ட் பாத்தாதான் அது" என்கிறார் இவர். ஜனவரியோடு இவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. பதினோரு மாதம் ஆனதும் பிரேக் கொடுத்து வெளியே நிறுத்தி, அப்புறம் புது ஆள் மாதிரிச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டால் உண்டு. இந்தத் தடவை ரெண்டு லைனை மூடப் போவதாகப் பேச்சு. எனக்கு ஸ்கூலில் பதினெட்டாயிரம். வாடகை ஒன்பது.

கல்லாவிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "எத்தினி மணி நேரம் பஸ்ஸு?" என்றது. பஸ் இல்லம்மா, ஃபிளைட் என்றேன். "அப்ப நெனச்சா எப்பிடி வருவ?"



ஜூலை 20, ஞாயிறு

வண்டி போய்விட்டது. பாகலூர் ரோட்டில் ரோஜா நர்சரி வைத்திருப்பவர் நாற்பத்தி நாலாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். இவர் காலையிலேயே தேங்காய் எண்ணெய் தொட்டு சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கினவர் ஓட்டிப் பார்த்துவிட்டு கிளட்ச் டைட்டு என்று கன்னடத்தில் குறை சொன்னார். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பேரம் முடிந்த பிறகும் கிளட்ச் நல்லாத்தான் இருக்கு என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இனிமேல் கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை நடை. கண்ணாடியில் கணக்கு நேராகிவிட்டது. ஆயிரம் ரூபாய் மிச்சம்கூட.

ஜூலை 26, சனி

நான் ஒரு கூமுட்டை.

அட்டெஸ்டேஷனுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் அனுப்பச் சொல்லி ஏஜென்சியிலிருந்து மெயில். பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஜெராக்ஸ். டிகிரி, பி.எட்., பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாமே ஸ்கூல் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வாங்கிப் பூட்டினது. கேட்டால் பத்திரமா இருக்கும் மேடம் என்பார்கள். நடுவருஷத்தில் டீச்சர் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஏப்ரலில் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்திக் கொடுத்தால்தான் கைக்கு வரும்.

நாலு வருஷமாக் கண்ணில் படாததால் அது என் வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் சோப்பு, ஷாம்பூ வரைக்கும் எழுதினோம். இதை எழுதலை.

வண்டியை வித்தாச்சு. ஏஜென்சிக்கு முதல் தவணை பதினஞ்சும் கட்டியாச்சு.

ஜூலை 28, திங்கள்

ஆபீஸில் கந்தன் அண்ணனிடம் போய் நின்றேன். கிளார்க் அவர்தான், பீரோ சாவி அவரிடம்தான். விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "ஒரிஜினலா? நடுவுலயா? எம்.எட். ஏதாவது சேர்றீங்களா மிஸ்?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். யோசிக்கவே இல்லை.

எம்.எட். என்றால் பல்கலைக்கழகத்தில் காட்டுவதற்கு ஒன்றரை மாதம் வரை தருவார்களாம். கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நான் திரும்பி வராவிட்டால் என்னுடைய மூன்று மாதச் சம்பளம், ஐம்பத்திநாலாயிரம், ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்து முடிக்கிற வரைக்கும் அவருடைய ஒரிஜினலும் வெளியே வராது.

"யாராவது இருக்காங்களா மிஸ்?"

இருக்கிறாள். இருக்கிறாள் என்பதுதான் தொந்தரவு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஃப்ஷீனிடம் கேட்டேன்.

கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. நாலு வருஷமா என் டப்பாவில் பாதி அவள் சாப்பிடுவாள், அவள் டப்பாவில் பாதி நான். அவங்க அப்பா நசருல்லா கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்தார். இப்போது கடையும் இல்லை, அவருக்கு ஒரு கண்ணும் சரியில்லை. வீட்டில் நிரந்தரமாக வருவது இவள் சம்பளம் மட்டும். அரசு ஆசிரியர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள்.

அவளிடம் போய், ஒரு கையெழுத்து வேணும் மிஸ் என்றேன்.

"எதுக்கு?"

"எம்.எட். சேரலாம்னு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "எந்த யுனிவர்சிட்டி?"

"சென்னையில ஒண்ணு. தபால்ல."

"ஃபீஸ் எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு" என்றேன். ஏஜென்சி ஃபீஸ் வாயில் வந்துவிட்டது.

பேனாவை எடுத்துப் போட்டாள். தேதியும் எழுதினாள். அப்புறம், "தயிர் சாதம்னா ஊறுகா கொண்டாந்திருக்கலாமில்ல" என்று என் டப்பாவை இழுத்துக்கொண்டாள்.

மீதிப் பாதியையும் அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரிஜினல் கையில். தாளாளருக்கு ஒரே சந்தோஷம். "மஞ்சிதி மேடம், எம்.எட். முடிச்சா நம்ம போர்டுல போட்டுடலாம்" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தாலும் தெலுங்கு, கோபம் வந்தாலும் தெலுங்கு. சாயங்காலம் அட்டெஸ்டேஷனுக்காகப் பெங்களூரு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 16, சனி

ஜாமீன் விஷயத்தை இவரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். ஒரிஜினல் கிடைத்தது எப்படி என்று இத்தனை நாள் கேட்கலை, நானும் சொல்லலை.

"அம்பத்திநாலா? வுடு. அங்க போய் ரெண்டு மாசத்துல அனுப்பிடலாம்" என்று மார்க்கரை எடுத்துக் கண்ணாடியின் அடியில் எழுதினார். ஆஃப்ஷீன் – 54 – அப்புறம்.

சொல்றது சுலபம். அங்கே முதல் சம்பளம் நவம்பர் கடைசியில். அதில் வாடகை, சாப்பாடு, இங்கே வீட்டு வாடகை. ஜனவரியில் இவருக்குப் பிரேக் வந்தால் முழுக்க என் சம்பளம்தான். அவளுக்கோ நவம்பரிலிருந்தே பிடிக்க ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் அந்த வீட்டில் என்ன சமைப்பார்கள்? இதை நான் கேட்கலை. கேட்டால் போறதா வேண்டாமா என்று சண்டை வரும், எனக்குப் போகணும். ஆமா, போகணும். எழுதியே வைக்கிறேன். இந்த ஸ்டாஃப் ரூமிலேயே மூட்டுவலி வரைக்கும் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

இவர் தூங்கின பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன். தலை சீவும்போது அவள் பெயரைப் பார்க்க முடியலை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வெடித்துவிட்டது. பூரணம் முழுக்கத் தண்ணீரில்.

செப்டம்பர் 4, வியாழன்

நாளைக்கு மீலாது நபி லீவு என்பதால் ஆசிரியர் தினத்தை இன்றைக்கே கொண்டாடினார்கள். எனக்கு ஏழு பேனா, ஒரு காபி கப். எட்டாவது 'பி' பிள்ளைகள் அட்டையில் "எங்களை விட்டுப் போகாதீங்க மிஸ்" என்று எழுதியிருந்தார்கள். எல்லா மிஸ்ஸுக்கும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன், கவர்மெண்ட் ஸ்கூல்ல மரத்தடியில உக்காந்து கணக்குப் போடுவன்" என்றாள் ஆஃப்ஷீன். "நீ எங்க இருப்ப?"

நானா? இங்கதான் என்றேன்.

ஊம் என்றாள்.

செப்டம்பர் 13, சனி

ஒன்றரை மாதக் கெடு வருகிறது, ஏஜென்ட் இன்னும் அனுப்பலை. கந்தன் அண்ணன் கேட்டார். காலாண்டு லீவு முடிஞ்சதும் தந்துடறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இப்போது எனக்குச் சரளமாக வருகிறது, இங்கிலீஷை விடவும்.

செப்டம்பர் 20, சனி

வந்துவிட்டது. டிகிரியின் பின்பக்கம் சென்னை முத்திரை, டெல்லி முத்திரை, அதுக்குப் பக்கத்தில் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை. அந்த எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது. இவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "சுச்சி, போயிட்ட மாதிரியே இருக்குடி."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் வெளியே போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். நடந்தே போய் நடந்தே வந்தோம். லீவு முடிந்து ஸ்கூல் திறக்கும்போது நான் இங்கே இருக்க வேண்டாம், சென்னையில் விசா வேலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். கந்தன் அண்ணன் போன் போட்டால் எடுக்காமல் இருந்தால் முடிந்தது.

செப்டம்பர் 24, புதன்

விசாவுக்காக ஏஜென்சி என் ஃபைல் முழுவதையும் அனுப்பியது. அதில் ஒரு பக்கம், என்னைப் பற்றி விசாரித்த குறிப்பு.

மே மாதம் விண்ணப்பம் போடும்போது கூட வேலை செய்கிற ஒருவர் பெயரும் நம்பரும் கேட்டார்கள். ஆஃப்ஷீன் நம்பரைப் போட்டேன். கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது, மறந்தே போய்விட்டேன்.

கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூலை 22. பதினைந்து நிமிஷம் பேசியிருக்கிறாள். என் வகுப்பில் பிள்ளைகள் தப்பாகப் பேசக் கூச்சப்படுவதில்லை, தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு இவளைப் போல ஒரு ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 22-இல் அவளுக்குத் தெரியும். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி நான் எம்.எட்.னு சொன்னேன்.

எந்த யுனிவர்சிட்டின்னு கேட்டாளே. ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டாளே. ஐயோ, நான் முப்பத்தஞ்சுன்னு சொன்னேனே.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். ஒரே ஹாலில் டியூட்டி. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, பின்சுவர் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டேன். உனக்குத் தெரியுமா?

எது என்று கேட்கவில்லை. "ம்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தன்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

முன்வரிசையில் ஒருத்தன் திரும்பினான். அவனை முறைத்து உட்கார வைத்துவிட்டு வந்தாள். "நீ கேட்ட, போட்டன். போய்ப் பணம் அனுப்புவன்னு நெனச்சன். அனுப்பலன்னா, அதையும் தெரிஞ்சுக்கலாம்னு நெனச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"உன் வெரிஃபிகேஷன்?"

"அது எப்ப வருமோ. கூப்பிட்டாங்கன்னா ஒரிஜினல் இல்லாம போய் நிக்க வேண்டியதுதான்." கூடுதல் பேப்பர் கேட்டு ஒரு பெண் கை தூக்கினாள். ஆஃப்ஷீன் போய்விட்டாள். மீதி நேரம் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சண்டை.

ஐம்பத்திநாலாயிரத்தை முன்னாடியே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்று கணக்குப் போட்டோம். ரூம் அட்வான்ஸை வெட்டினார். சாப்பாட்டில் பாதியை வெட்டினார். அங்கே போய் இந்தியர்கள் யாருடைய ரூமிலாவது ஒட்டிக்கொள் என்றார். எல்லாம் வெட்டினால் பணம் தேறுகிறது. ஆனால் அவளுடைய ஒரிஜினல்? கவர்மெண்ட் வேலைக்குக் கூப்பிடும்போது பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால்? அதுக்கு எந்த வரியில் என்ன தொகை போடுவது?

"அவளே தெரிஞ்சுதான போட்டா. உன்ன யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

அதான்ங்க. தெரியாம போட்டிருந்தா நான் போயிருப்பேன். ஏமாத்திட்டோம், அப்புறம் அனுப்பி சரிபண்ணிக்கலாம்னு போயிருப்பேன். தெரிஞ்சு போட்டவள எப்பிடி விட்டுட்டுப் போறது?

"எனக்குப் புரியல" என்றார். "வண்டிய வித்துட்டு ரெண்டு மாசமா நடக்குறன், அது உனக்குப் புரிதா?"

புரிகிறது. புரியாமல் இல்லை. அழுதேன், அது அவருக்கு இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருஷா வருஷம் காலையிலேயே வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். இந்த வருஷம் கேஸ் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தார். கையில் குங்குமம் மிச்சம் இருந்தது. அதை அந்த மார்க்கர் பேனாவுக்கும் வைத்தார்.



அக்டோபர் 6, திங்கள்

ஸ்கூல் திறந்தது. போகவில்லை என்று முடிவு பண்ணி, ஒரிஜினல் கவரைத் திருப்பிக் கொடுக்க நேராக ஆபீஸ்.

பின்பக்க முத்திரை பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்கூல் இருக்கிற சூளகிரி வரும்வரை பஸ்ஸில் கவரைத் திறந்து திறந்து அதையேதான் பார்த்தேன். கந்தன் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து லிஸ்டில் டிக் அடித்தார். டிகிரியைத் திருப்பினார். முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி கவிழ்த்து வைத்தார். அவர் அளவில் விட்டுவிடத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் தாளாளர் வந்து நின்றுவிட்டார்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏமம்மா, தாய்லாந்துல எம்.எட். நடத்துறாங்களா?"

நான் உண்மையைச் சொன்னேன். ஆஃப்ஷீன் மிஸ்ஸுக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னேன். இது கடைசிப் பொய்.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஏப்ரல் வரைக்கும் இருங்கள், பிள்ளைகள் படிப்பு கெடக் கூடாது, அப்புறம் வேற இடம் பாத்துக்குங்க என்றார். இன்கிரிமென்ட் கிடையாது. இனிமேல் யாருக்கும் ஜாமீன் கையெழுத்தில் ஒரிஜினல் கிடையாது.

மத்தியானத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜனவரியில் வேறு ஸ்கூல் மாறலாம் என்றிருந்த பிரியதர்ஷினி மிஸ், "உங்க ஒருத்தரால எல்லாருக்கும் ஆச்சு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

 ஆஃப்ஷீன் டப்பாவைத் திறந்தாள். பாதியை ஒதுக்கி வைக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நான் வரவில்லை என்று ஏஜென்சிக்கு மெயில். பதினைந்தாயிரம் போனது போனதுதான். மே மாதம் ஆரம்பிக்கும் புது ஸ்கூல் வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், உறுதி கிடையாது என்று பதில்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா வந்திருக்கிறது. ஃபிளைட் என்னாச்சு என்று கேட்டது. அடுத்த வருஷம் என்றேன். "நல்லதாப் போச்சு" என்று அதிரசம் பிட்டுக் கொடுத்தது. பக்கத்தில் இவர் பட்டாசுச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3, திங்கள்

இன்றைக்கு அந்த வகுப்பில் நின்றிருக்க வேண்டும். எட்டாவது 'பி'-க்கு டென்ஸ் நடத்தினேன்.

நவம்பர் 19, புதன்

ஆஃப்ஷீனுக்குக் கடிதம் வந்துவிட்டது. டிசம்பர் 4, சென்னை. எல்லாச் சான்றிதழும் அசலாகக் கொண்டுவர வேண்டும்.

தாளாளர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் செத்திருந்தது. கையெழுத்தெல்லாம் இனி செல்லாதாம். மூன்று மாதச் சம்பளத்தைப் பணமாகக் கட்டிவிட்டு எடுத்துப் போக வேண்டுமாம். ஒரிஜினல் திரும்பினால் பணம் திரும்பும். இல்லாவிட்டால் இல்லை. அவளுக்கும் பதினெட்டுதான் சம்பளம். அதே ஐம்பத்திநாலு.

நல்லவளாக நடந்துகொண்டோம் என்று ஒரு மாதமாக எனக்குள் ஒரு ஓரத்தில் நினைப்பு இருந்தது. நான் திருப்பிக் கொடுத்ததால்தான் இந்த ரூல். நான் ஓடிப்போயிருந்தாலும் அவள் மாட்டியிருப்பாள். போகாமல் இருந்தும் அவளை மாட்டிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

அவள் என்னிடம் கேட்கவில்லை. மாமா ஒருத்தரைக் கேட்டாளாம், கிருஷ்ணகிரியில் பழைய மண்டிக்காரர்களைக் கேட்டாளாம். ராஜலட்சுமி மிஸ் சொல்லித்தான் தெரிந்தது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறேன், என் பேங்கில் தாய்லாந்துப் பணம் தூங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

கேளேண்டி.

நவம்பர் 26, புதன்

ஆஃப்ஷீனுக்காக ஐம்பத்திநாலை நாம் கட்டலாம் என்று இவரிடம் சொன்னேன். இரண்டு மாதமாக நாங்கள் பேசுவதே பால், கேஸ், வாடகை அவ்வளவுதான்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பணத்துல வண்டி எடுக்கலாம்னு இருந்தன்" என்றார். "நர்சரிக்காரர் திருப்பித் தர்றன்னாரு. கிளட்ச் அவருக்கு ஒத்து வரலியாம்."

எனக்கு அது தெரியாது. நாங்க பேசினாத்தானே தெரியும்.

"அவ திருப்பித் தருவாளா?"

"தருவா."

"தரலன்னா?"

"அதையும் தெரிஞ்சுக்கலாம்" என்றேன். அவள் சொன்ன வார்த்தை, அவருக்கு அது தெரியாது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து போய்க் கண்ணாடியில் மிச்சமிருந்த கணக்கையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். பாதி போகவில்லை, ஊறிவிட்டது. மார்க்கரை எடுத்து மேலே ஒரே ஒரு வரி எழுதினார். ஆஃப்ஷீன் – 54. "அப்புறம்" என்று இந்தத் தடவை போடவில்லை.

அழிக்கவில்லை நான்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் பணத்தைக் கந்தன் அண்ணனிடம் கட்டி, ஆஃப்ஷீன் பெயரில் ரசீது வாங்கினேன். அண்ணன் இரண்டு தடவை எண்ணினார். "எதுக்கும் யோசிச்சுக்குங்க மிஸ்" என்றார், ரசீதைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே.

மத்தியானம் அவள் டப்பா பக்கத்தில் ரசீதை வைத்தேன். படித்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"நான் உன்னக் கேக்கலியே."

"நீயா கேப்பன்னு பாத்தன்" என்றேன்.

ராஜலட்சுமி மிஸ் இருந்ததால் இரண்டு பேரும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் டப்பாவை இழுத்தாள். தக்காளி சாதம். உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே பாதியைத் தின்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

சென்னைக்கு நேற்று ராத்திரி பஸ் ஏறினாள். இன்றைக்கு முழுக்க மனசு ஸ்கூலில் இல்லை. ஒரு ஓரத்தில் அந்த எண்ணமும் வந்தது, எழுதாமல் மறைக்க மாட்டேன். ஒரிஜினல் அவள் கையில், பணம் என்னுடையது. வேலை அங்கேயே உறுதியாகிவிட்டால் இந்த ஸ்கூலுக்கு அவள் ஏன் திரும்பி வர வேண்டும்? ஆகஸ்டிலிருந்து செப்டம்பர்வரை தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இப்படித்தான் நினைத்திருப்பாள். அதோடுதான் என் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் சூளகிரி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போனில் அவள் மெசேஜ் வந்தது. "முடிஞ்சது. எல்லாம் சரியாம். ஆர்டர் ஜூன் மாசம்தான் வருமாம். ஒரிஜினல் மடியில வச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்திருக்கன். காலைல நேரா கந்தன் அண்ணன்கிட்ட குடுத்துடறன், உன் பணத்த வாங்கிக்க."

 "எந்த யுனிவர்சிட்டி மிஸ்?" என்று அனுப்பினேன்.

பஸ் வந்து, ஏறி, கம்பெனிப் பெண்களுக்கு நடுவில் ஒரு கம்பியைப் பிடித்து நிற்கும்வரை பதில் இல்லை. அப்புறம் ஒரே வார்த்தை வந்தது. "தாய்லாந்து."

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மே மாதம் டிக்கெட் என்ன விலை என்று பார்க்கச் சொன்னார். வண்டி அப்புறம் எடுத்துக்கலாமாம். பார்த்தேன், பதினைந்தாயிரத்து சொச்சம் காட்டுகிறது.